பௌர்ணமிப் பால்

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதறது. இங்க நானு, உங்கப்பா, தங்கச்சி கவியா, கொட்டாய்ல நாலு மாடு எல்லாம் அண்ணாமலையார் புண்ணியத்துல சொகமா இருக்கோம். நீயும் அந்தக் குளுருல சொகமா இருக்கணும், இதைப் படிச்சப்புறமும் இருக்கணும். போன்ல சொல்லலாம்னு மூணு தரம் கூப்பிட்டேன்டி, மூணு தரமும் நீ சந்தோஷமா பேச ஆரம்பிச்சுட்ட, நான் சாப்டியான்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டேன். அதான் எழுதறேன், கவியா போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்புவா, பாதியில நிறுத்தாம முழுசா படி.

போன வாரம் சொன்னியே, நம்ம சினை மாடு நாலுக்கும் பால்ல இருக்கிற அந்த ஹார்மோன், கர்ப்பத்தைத் தாங்கிப் புடிக்கிறது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி திடீர்னு விழுந்து மறுநாளே ஏறிடுதுன்னு, நாலும் ஒரே அளவுக்கு விழுதுன்னு, உலகத்துல யாரும் இதைப் பாத்ததில்லன்னு புரொபசரே அசந்துட்டாரு, வெள்ளிக்கிழமை அத்தனை நாட்டுக்காரங்க முன்னாடி மேடை ஏறப்போறேன்னு. நாலும் ஒரே அளவுன்னு நீ சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது நிலா பண்ணதில்லம்மா, உங்கம்மா பண்ணது.

நீ பிளேன் ஏறன அன்னிக்கு ஒரு வேண்டுதல் வச்சேன். நீ படிப்பை முடிச்சு ஊர் திரும்பற வரைக்கும் பௌர்ணமி காலைல நம்ம கொட்டாய்ல கறக்கற பால் அத்தனையும் அடி அண்ணாமலை கோயில் அபிஷேகத்துக்கு, ஒரு சொட்டு கூட வேற எதுக்கும் எடுக்கறதில்லன்னு. நீ சிரிப்பன்னு உன்கிட்ட சொல்லல. நீயோ தினம் காலைல மாட்டுக்கு ஒரு பாட்டில் புடிச்சு பேர் ஒட்டி ஐஸ்ல வையி, லேப் ஆளுங்க வந்து சோதனைக்கு எடுத்துட்டுப் போவாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்க. சாமிக்குன்னு நேந்த பால்ல கை வைக்க பயம், பாட்டில் காலியா இருந்தா நீ கத்துவன்னு அதுவும் பயம். பக்கத்து வீட்டு காசியம்மா கிட்ட ஒரு சொம்பு பால் வாங்கி நாலு பாட்டில்லயும் ஊத்தி நம்ம மாட்டுப் பேரை ஒட்டி வச்சுட்டேன். பால் பால்தானேன்னு நெனச்சேன், பாவி. இப்படி அஞ்சு பௌர்ணமி. அவங்க மாடு கன்னு போட்டதுல இருந்து பருவத்துக்கே வரல, அதுங்கிட்ட அந்த ஹார்மோன் ரொம்ப கம்மியாதான் இருக்கும்னு கவியா வெளக்கினப்பதான் நான் செஞ்சது எனக்கே முழுசா வெளங்குச்சு.

உங்கப்பா என்னடான்னா, யாருக்குத் தெரியப் போவுது, புள்ள பேர் வாங்கட்டும், நீ வாயை மூடிக்கிட்டு கெடன்னு சொல்றாரு. ரெண்டு நாள் மூடிக்கிட்டும் கெடந்தேன், சோறு எறங்கல. அந்த மனுஷன் நிலாவுக்குக் கட்டுப்பட்ட மாடுன்னு ஊரெல்லாம் வேற சொல்லி வச்சிருக்காரா, கிரிவலம் வர்றவங்க கொட்டாய்க்குள்ள பூந்து மாட்டைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறாங்க, அவங்க மொகத்தைப் பாக்க எனக்கு கூசுது. நாளைக்கு வேற யாராவது இதே மாதிரி பாத்து, ஒண்ணும் விழலியேன்னு கேட்டா பொய்க்காரின்னு பேர் உனக்குத்தானே வரும்? இத்தனை வருஷம் படிச்ச படிப்பு என்னால நாசமாப் போவணுமா?

உன் கால்ல விழறேன்டி, வெள்ளிக்கிழமைக்குள்ள புரொபசர்கிட்ட சொல்லிடு. எங்கம்மா வெவரம் தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லு. திட்டணும்னா என்னைத் திட்டட்டும், வீடியோல கூப்பிடு, நானே ஒத்துக்கறேன், அவர் பேசறது எனக்குப் புரியவா போவுது. என்னோட பேசாம இருந்தாலும் பரவால்ல. இல்ல, வேணாம், திட்டு, கத்து, பேசாம மட்டும் இருந்துடாத. குளுருக்குக் காதை மூடிக்கிட்டு வெளிய போ, வெறும் ரொட்டியையே தின்னுட்டு கெடக்காத.

நீ நல்லா இருப்ப, உனக்கு ஒரு கொறையும் வராது. நாளைக்குப் பௌர்ணமி. நாலு மாட்டுக்கும் மொதல் பால் உன் பாட்டில்லதான் புடிப்பேன், மிச்சம்தான் அபிஷேகத்துக்கு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ புரொபசர்கிட்ட பேசு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த
பச்சையம்மாள்