நான் அனுப்பிய கட்டைவிரல்

பழங்காநத்தம், மதுரை

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம். நீ அங்கே சுகமா? எல்லாக் கடிதத்திலும் கேட்கிற கேள்விதான், இந்தத் தடவை பதில் தெரிய வேண்டும் என்றே கேட்கிறேன். போனில் இதைப் பேச எனக்கு வராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வாரமாக நீ போன் பண்ணவில்லை. காரணம் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. நானும் அவரும் கொஞ்ச நாள் பிரேக் எடுத்திருக்கோம்ப்பா என்று நீ போனில் எழுதியதற்கு, ரொம்ப சந்தோஷம் தாயி, நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க என்று பதில் போட்டு, கூடவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தையும் அனுப்பினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு பிரேக் என்றால் காலுக்கடியில் இருப்பது. அது பிடிக்கவில்லை என்றால் சாமியைக் கூப்பிட வேண்டும், வண்டி பிரேக் டவுன் ஆனால் வெயிலில் நிற்க வேண்டும், வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தால் சட்டைப் பித்தானைப் போட வேண்டும். அதை விட்டால் டீ குடிக்க விடுகிற பிரேக். நீங்கள் லீவு போட்டு ஊர் சுற்றுகிறீர்கள் என்றுதான் என் புத்திக்கு எட்டியது. பேர்தான் வெள்ளைத்துரை, ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் கவிழ்ந்துவிட்டேன். அதோடு விட்டேனா, டெப்போ டீக்கடை முழுக்கச் சொல்லி, லீவில் இங்கேயும் வருவீர்கள் என்று மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து, இரட்டைக் கட்டிலும் வாங்கிப் போட்டேன்.

எதிர்வீட்டு பத்மாசினி டீச்சரிடமும் பெருமையாகப் போனை நீட்டினேன். தல்லாகுளத்தில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர். படித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்களாண்ணே என்று கேட்டார். நீங்கள் பிரிந்திருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தாளில் இரண்டு வார்த்தை எழுதிக் காட்டினார். சத்தம் ஒன்று, எழுத்து வேறாம். என் பஸ்ஸில் இருந்தது ஒன்று, நீ எழுதியது மற்றது. அந்த ஒரு வார்த்தைக்கு எம்புட்டு அர்த்தம் தெரியுமா. எலும்பு முறிந்தாலும் அதுதான், பூட்டை உடைத்தாலும் அதுதான், கொடுத்த வாக்கை மீறினாலும், விரதத்தை முடித்தாலும் அதுதானாம். பொழுதுகூட இங்கிலீஷ்காரர்களுக்கு உடைகிறதாம், நமக்கு விடிகிறது. கெட்ட செய்தியை ஒருவருக்கு மெல்லச் சொல்வதற்கும் அதே வார்த்தைதான் என்றார். நீ எனக்கு மெல்லச் சொல்லியிருக்கிறாய், நான் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறேன். என் மகளுடையது இதில் எது என்று கேட்டேன். அதை அவதாண்ணே சொல்லணும் என்றார், பாவம்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் முழித்தேன். கடைசியில் மாடி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஆரம்பித்தேன். "நீங்க வாசிச்சப்பவே எனக்குத் தெரியும். நீங்க அம்புட்டு சந்தோஷமா பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க, என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

உங்களுக்குள் என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். மாப்பிள்ளை செல்வக்குமார் கை நீட்டினாரா என்பதை மட்டும் ஒரு வரி எழுது, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மற்றபடி சேர்வதோ விலகுவதோ, அவசரப்படாமல் நீயே யோசித்துச் செய். ஊர் வாயை நினைத்துப் பயப்படாதே, டீக்கடையில் சொன்னதை நானே மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். தனியாகத்தானே இருக்கிறோம் என்று ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு. கட்டிலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இரட்டைக் கட்டிலில் ஒருத்தி காலை நீட்டிப் படுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

பாண்டி முனீஸ்வரர் உனக்குத் துணை இருப்பார். அம்மா உனக்காக விளக்குப் போட்டிருக்கிறாள். கடிதம் கிடைத்ததும் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

உன் அப்பா,
வெள்ளைத்துரை

மறந்துவிட்டேன்: அன்றைக்கு அனுப்பிய கட்டைவிரலைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நாள் கடந்துவிட்டதாம், இனி என் போனிலிருந்து முடியாதாம். நீயே அழித்துவிடு தாயி.