மீசையோடு ஒரு கோயில் யாத்திரை

மார்ச் 3, 1938. அம்பத்தூர்.

இனி இந்த ஏட்டில் வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மீசை மேல் ஆணையாகச் சொல்கிறேன். பட்டாபிராமில் நான் தும்மினால் ஆவடி ஏரியில் அலையடிக்கும். மீசையை முறுக்கினால் ரயிலுக்குக் கைகாட்டி இறங்கும். அப்பேர்ப்பட்ட செங்கல்வராயனை இன்று தங்கை சொர்ணம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்.

"உள்ள வராதே அண்ணாத்தே. கொயந்தைக்கு ஆத்தா வந்துகீறா. வெளியூர் தூசோட மிதிக்கக்கூடாது. மூணு தண்ணி ஊத்தினப்புறம் வா."

குழந்தை என்றால் கங்காதரன். ஆறு வயசு. என் மீசையைப் பிடித்துத் தொங்கும் உரிமை உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான்.

"கண்ணு ரெண்டும் மூடிகினு கீது. உள்ளயும் முத்து போட்டுகீதாம். பார்வை இருக்குமோ, போயிடுமோ... சும்மா குந்திகினு இருக்காம நாலு கோயிலுக்குப் போய்வா அண்ணாத்தே."

கோயிலா? நானா? கல்லுக்குக் கும்பிடு போட இந்தக் கையை நான் வளர்க்கவில்லை.

எதிரே மாட்டுக் கொட்டகையில் படுக்கை. மாடுகள் எழுந்து நின்று மரியாதை செய்தன.

மார்ச் 5. திருமுல்லைவாயில்.

போனேன். வேடிக்கை பார்க்க. ஒண்டியாக நடந்து, வழியில் இரண்டு புலிகளையும் ஒரு தாசில்தாரையும் ஓட ஓட விரட்டினேன்.

வெள்ளெருக்கிலே தூணாம், ஊரே வாயைப் பிளக்கிறது. நந்தி சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது. வேலைக்காரனே எஜமான் முகத்தைப் பார்க்காத இடத்தில் எனக்கென்ன வேலை? சாமி தலையில் வாள்வெட்டாம், அதற்குச் சந்தனக்காப்பாம். தன் காயத்துக்கே பூசிக்கொண்டிருப்பவர் எங்கள் பையன் கண்ணுக்கு என்னத்தைப் பூசப்போகிறார்?

கொஞ்சம் சந்தனம் மடித்துக்கொண்டேன். வாசனைக்கு.

மார்ச் 7. மாங்காடு.

நெருப்பில் ஒற்றைக்காலில் நின்றாளாம் இந்த அம்மன். பூந்தமல்லி ரோட்டு வெயிலில் நான் இரண்டு காலிலும் வெந்தேன், எனக்கு யார் கோயில் கட்டினார்கள்? செருப்பு வழியில் அறுந்துவிட்டது. வேண்டுதல் என்று எவனும் நினைக்கவேண்டாம்.

"கேட்டதெல்லாம் குடுப்பா நைனா" என்றாள் பூ விற்கிற குப்பம்மா.

"உனக்கு இன்னா குடுத்தா?"

"எட்டுப் பொண்ணு."

"நீ கேட்டது?"

"ஒரு புள்ள."

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் இரண்டு முழம் பூ வாங்கினேன். ஏன் வாங்கினேன்?

மார்ச் 9.

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். கண் திறக்கவில்லை.

மார்ச் 13, ஞாயிறு. திருவேற்காடு.

மகா கூட்டம். உருளுகிறவன் உருளுகிறான், ஆடுகிறவள் ஆடுகிறாள். எல்லாருக்கும் வேப்பிலைதான் புடவை, சோறு, மருந்து. வியாதியும் ஆத்தாளாம், வைத்தியமும் ஆத்தாளாம்! இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல். இந்த வழக்கில் நியாயம் கிடைக்குமென்று இத்தனை முட்டாள்கள் வரிசையில்—

நானும் வரிசையில்.

மரத்தடியில் நாவிதர் முனியன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "மொட்டையா நைனா?" என்று என் தலைப்பாகையை அவிழ்த்தவர், உள்ளே பார்த்துவிட்டு, "ஆத்தா முன்னாடியே வாங்கிகினா போலகீதே!" என்றார். வரிசையே சிரித்தது.

நிஜம்தான். என்னிடம் முடி என்று மிச்சமிருப்பது மேலுதட்டில் மட்டும்.

எழுந்து நடந்தேன். கூவம் வரைக்கும் நடந்தேன். திரும்பினேன்.

இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை. மூக்குக்குக் கீழே காற்று குளிர்கிறது.

மார்ச் 17. அம்பத்தூர்.

மூன்றாம் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர். ஊற்றி முடித்துத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

பையன் கண் திறந்திருந்தது. சிவந்து, நீர் வடிந்து. பார்வை இருக்கிறதா? சொர்ணமும் அவள் புருஷனும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் கண் முழுக்கப் பிள்ளை கண்ணில்.

"யாரு வந்துகீறாங்க, சொல்லு நைனா?"

அவன் என்னையே பார்த்தான். "தெர்ல."

"நல்லா பாரு. மாமா நிக்குதே!"

"மாமா இல்ல."

சொர்ணம் அப்படியே தரையில் சரிந்தாள். "அய்யோ, கண்ணு போச்சே!" அவள் புருஷன் சின்னப்பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பையன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். பட்டாபிராமையே நடுக்கிய குரல் கீச்சென்று வந்தது.

"டேய்... நான்தாண்டா."

குரலைக் கேட்டதும் பையன் முகத்தைச் சுளித்தான். ஒரு விரல் என் மூக்குக்குக் கீழே நேராக நீண்டது.

"மீசை எங்க மாமா? அசிங்கமா கீறே!"

அப்போதுதான் சொர்ணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுதபடியே சிரித்தாளா, சிரித்தபடியே அழுதாளா, தெரியவில்லை. எனக்கும் அப்போது எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஏரி அலை கப்சா. புலி கப்சா, தாசில்தார் கப்சா. செருப்பு அறுந்ததும் கப்சாதான், கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. இவ்வளவிலும் ஒரே ஒரு சின்ன சங்கதி நிஜம். சொர்ணம் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பையன் சொன்னது சரி. அசிங்கமாகத்தான் இருக்கிறேன்.