மூன்று நாள் கரையில் நின்றவர்

பிப்ரவரி 3
நைனாவிடம் இன்று சொல்லாதது: போனில் அவர் விளையாடும் கேமின் கதையை எழுதியதே நான்தான். கால் சுளுக்கி, ஏரிக்கு மீன் பிடிக்கப் போகாமல் வீட்டில் கிடக்கிறார். "சும்மா வெளையாடிப் பாரு நைனா" என்று மட்டும் கொடுத்தேன்.
சென்னைக் கம்பெனிக்குப் பதினான்காம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. அங்கே ஆள் எடுக்கும் ஹரிஹரன் சாருக்கு ஒரே குறை: "எங்க போகணும்னு அம்புக்குறி காட்டும்மா. யாரும் தேட மாட்டாங்க."
தேடுவார்கள். தானே கண்டுபிடித்தால்தானே அது தன் கதை?

பிப்ரவரி 4
நைனா கேமில் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். வலை வீசினால் பெட்டி வரும், அதற்குள் ஒரு கடிதம். வீசவில்லை! அங்கே ஒரு கிழவன் வலை போட்டுக்கொண்டிருக்கிறான். அழகுக்காக நான் வைத்த ஆள்.
"இன்னிக்கி வலை போடற பாடு அவனுதும்மா. அவன் முறையில நான் எப்படி வலை போடறது? ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சிடுவானுங்க."
"இது கேம் நைனா."
"கேம்னா இன்னா? ஏரி ஏரிதானே."
கேமுக்குள்ளேயே படுத்துத் தூங்கி மறுநாளுக்குப் போனார்.

பிப்ரவரி 5
கேமில் மூன்றாம் நாள். கிழவன் நகரவில்லை. வேறு வேலை நான் கொடுத்தால்தானே!
"தெனம் இவனே போடறான். எந்த ஊர்க்காரன்டா நீ, மொறை தெரியாதவன்?" – நைனா போனிடம்.
அம்மா நண்டு கழுவிக்கொண்டே: "கரையில சும்மா நிக்கறதுக்கு போன் இன்னாத்துக்கு? நம்ம ஏரியிலயே போய் நிக்கலாமே."

பிப்ரவரி 6
வெட்கமாக இருக்கிறது. அவரவர் இஷ்டம் என்று பீற்றிக்கொண்டு ஒரே ஒரு கதவுதான் வைத்திருக்கிறேன். வீசாமல் நிற்பதும் ஒரு முடிவுதானே? அதற்கு என் கதையில் பதிலே இல்லை.
எழுதினேன். மூன்றாம் நாளும் காத்திருப்பவரைக் கிழவன் பக்கத்தில் உட்காரச் சொல்வான். அந்தக் கடிதத்தை எழுதியது தான்தான் என்பான்.

பிப்ரவரி 7
நைனா மறுபடி நின்றார். கிழவன் பேசினான்.
"இப்பதான் மனுஷன் ஆனான்" என்றார் நைனா.

பிப்ரவரி 14
அனுப்பினேன். மாலையே ஹரிஹரன் சார்: "நாலே நிமிஷத்துல பெட்டிய எடுத்துட்டேன். கடிதம் யாரோடதுன்னே தெரியலையே? அம்பு போடு, இல்ல வேற ஆளைப் பாத்துக்கறேன்."
"மறுபடி விளையாடுங்க சார். வலையைத் தொடாதீங்க."
வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? போச்சு. எல்லாம் போச்சு.

பிப்ரவரி 17
ஹரிஹரன் சார் போன் செய்தார்.
"கிழவன் எங்கிட்ட பேசிட்டாம்மா."

மார்ச் 3
வேலையில் சேர்ந்தேன். அம்புக்குறி கிடையாது. முதல் வேலை: சும்மா நிற்பவர்களுக்கென்று இன்னும் ஆறு இடம் எழுத வேண்டும்.