மஞ்சள் பெட்டரி, பச்சை மெசின்

அக்டோபர் 7, திங்கள்

யோகராஜ் போய்விட்டான். கல்யாணமான நாளிலிருந்து ‘அவர்’ என்று எழுதிய கை இன்று ‘அவன்’ என்று எழுதுகிறது. எழுதட்டும்.

சண்டை புதிதல்ல. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போ, ஏஜென்டிடம் பேசியாயிற்று என்கிறான். எனக்குக் கதவு போடத் தெரியும், இங்கேயே பிழைப்பேன் என்கிறேன். அவனோடு மரவேலைக்குப் போகத் தொடங்கியபோது பலகை பிடித்துக்கொண்டு நின்றவள்தான். இப்போது கீல் பதிப்பது முழுக்க என் கைவேலை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும், பொம்பளையை நம்பி யார் வேலை கொடுப்பார்கள் என்று என்னிடமே கேட்கிறான்.

துளை போடும் மெசினும் பலகை வெட்டும் மெசினும் நான் கொழும்பில் கார்மென்டில் உழைத்து வாங்கியவை. அவற்றைத் தொடவில்லை. பெட்டரி இரண்டையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்.

“மெசின் உன்னோடது, வச்சுக்க. பெட்டரி நான் வாங்குனது. சவூதிக்குப் போறேன்னு சொல்லு, கொண்டாந்து தாறேன்.”

பதுளையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அக்டோபர் 8

மெசினைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டரி இல்லாமல் விளையாட்டுச் சாமான் மாதிரி லேசாக இருக்கிறது. சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற சின்னராசா அண்ணன் வந்தார். அவர் குடியிருக்கிற காம்பராவின், அந்த ஒற்றை அறையின், பின்சுவரில் வெடிப்பு அகலமாகிக்கொண்டு வருகிறதாம். மேட்டில் அவருக்கு அரசாங்க வீட்டுத் திட்டத்தில் புது வீடு கிடைத்திருக்கிறது. சுவரும் கூரையும் மட்டும்தான் கட்டிக் கொடுத்தார்கள். கதவு, ஜன்னல் போடுகிற வேலையை எங்கள் இருவரிடமும்தான் கொடுத்திருந்தார். தீபாவளிக்கு முன் குடிபோக வேண்டும். மழை பிடித்துவிட்டது. மீரியபெத்தையில் மண் சரிந்து லயத்தையே மூடிய பிறகு இந்த மாதத்தில் மழை பெய்தால் யாருக்குத்தான் மலையடியில் மனம் நிற்கும்?

“யோகராஜ் இல்லாம முடியுமா தங்கச்சி?”

முடியும் என்றேன். எப்படி என்று கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தாலும் எனக்கே தெரிந்திருக்காது. புது வீட்டில் இன்னும் கரண்ட் இல்லை, வயர் மெசின் எதுவும் உதவாது. கையாலேயே செய்தால் தீபாவளி என்ன, பொங்கலுக்கும் முடியாது.

அக்டோபர் 11, வெள்ளி

பதுளைக்குப் போனேன். என் மெசின்கள் பச்சைக் கம்பெனி. பஜாரில் எந்தக் கடையிலும் அந்தப் பெட்டரி இல்லை. கடைசியாக றவூப் நானாவின் கடை. சாமான் எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். மத்திய கிழக்குக்குப் போன என் தம்பி புல் வெட்டும் மெசினை என்னிடம் விட்டுப் போயிருக்கிறான், அது மஞ்சள் கம்பெனி, அதற்கு இரண்டு பெட்டரியும் சார்ஜரும் இருக்கிறது என்று பேச்சோடு சொன்னேன். அவர் உள்ளே போய் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புச் சாமான் எடுத்து வந்தார். அடெப்டர். ஒரு பக்கம் மஞ்சள் பெட்டரி ஏறும், மறுபக்கம் பச்சை மெசினில் மாட்டும்.

மஞ்சளில் இருபது வோல்ட், பச்சையில் பதினெட்டு என்று போட்டிருக்கிறதே, எரிந்துவிடாதா என்று கேட்டேன். உள்ளே இரண்டும் ஒன்றுதான், ஒருவன் முழுச் சார்ஜில் அளந்து எழுதுகிறான், மற்றவன் சாதாரணமாக அளந்து எழுதுகிறான் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா தங்கச்சி, ரெண்டு கம்பெனியும் இதுக்குப் பொறுப்பு இல்ல. இதை மாட்டி சார்ஜ் போட வேணாம். வேலை முடிஞ்சா கழட்டி வைங்க. ஏதும் நடந்தா என்கிட்ட வர வேணாம்.”

வரமாட்டேன் என்றேன்.

அக்டோபர் 12

சுற்றியது! மெசின் சுற்றியது. லயம் முழுக்கக் கேட்கட்டும் என்று வாசலில் நின்று சும்மாவே ஓட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கேட்டுத்தான் விட்டது, பதுளை வரைக்கும். யோகராஜ் யாருக்கோ போன் போட்டு, அவள் கம்பெனி மாற்றிப் பெட்டரி மாட்டுகிறாள், வெடித்தால் லயமே எரியும் என்று சொல்லியிருக்கிறான். குழாயடியில் எல்லோரும் என்னை நிறுத்திக்கொண்டார்கள். அதிகமாகக் கத்தியது சின்னராசா அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காதான். யாருடைய வீட்டுக்கு இந்த வேலை? அவர்கள் வீட்டுக்குத்தானே!

பயம் பொய்யில்லை. ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையாகப் போகும், நானும் பார்த்திருக்கிறேன். அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு காட்டினேன். மஞ்சள் பெட்டரி மஞ்சள் சார்ஜரில் மட்டும்தான் ஏறும். சார்ஜ் போடுவது பகலில், வாசலில், என் கண் முன்னால். யார் வேண்டுமானாலும் வந்து பக்கத்தில் உட்காரலாம் என்றேன்.

லெட்சுமி அக்கா உண்மையாகவே வந்து உட்கார்ந்தார். பச்சை லைட் எரியும்வரை எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஜன்னல்கள் முடிந்தன. ஒரு பெட்டரி செத்துவிட்டது.

என் தப்புத்தான். மெசின் தளர்ந்தது தெரிந்தும், இன்னும் ஒரு திருகாணி, இன்னும் ஒரு திருகாணி என்று அழுத்தினேன். சொந்த மெசினில் என்றால் சார்ஜ் குறைந்ததும் தானாக நின்றிருக்கும். நடுவில் அடெப்டர் இருந்தால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை, அடிமட்டம் வரை உறிஞ்சிவிடுகிறது. சார்ஜரில் போட்டால் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிகிறது. அவ்வளவுதான்.

அழுதேன். எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எழுதுகிறேன். அழுதேன்.

அக்டோபர் 19, சனி

செய்தி பதுளைக்குப் போய்விட்டது. காலையிலேயே அவன் போன்.

“ஒண்ணு போச்சாமே?”

“போச்சு.”

“நான் வர்றேன். ரெண்டு பெட்டரியும் கொண்டு வர்றேன். வேலைய முடிச்சுக் குடுத்துர்றேன். தீபாவளி கழிச்சு நீ ஏஜென்டப் பாரு.”

சின்னராசா அண்ணன் வீட்டுச் சுவர் வெடிப்பில் இப்போது கை நுழைகிறது. கதவுகள் இன்னும் ஒன்றுகூட ஏறவில்லை. என் வீம்புக்காக அந்தக் குடும்பம் அங்கே படுக்க வேண்டுமா? இது வீம்பா? வேறு என்ன? சரி என்று ஒரு வார்த்தை. பிறகு சவூதி. பிறகு வாழ்நாள் முழுக்க ‘நான்தானே வந்து முடித்துக் கொடுத்தேன்’.

“அடுத்தவங்க வீட்டக் காட்டி என்னைப் பிடிக்கப் பாக்காத,” என்றேன். “ஒண்ணு இருக்கு. அதுல முடிப்பேன்.”

போனை வைத்துவிட்டேன்.

நேரே போய் சின்னராசா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், நான் குறை நினைக்கமாட்டேன் என்றேன். அவர் லெட்சுமி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

“பெட்டரிய சார்ஜ் போட்டு மேல கொண்டாந்து குடுத்தாப் போதும்ல? நான் கொண்டாரேன்.”

அக்டோபர் 23

துளை மட்டும் மெசினில். திருகாணி முடுக்குவது கையால். மெசினின் குரல் தளர்ந்த உடனே நிறுத்திவிடுகிறேன், ஒரு துளை மிச்சம் இருந்தாலும். லெட்சுமி அக்கா கொழுந்துக் கூடையில் பெட்டரியைத் துணி சுற்றி வைத்து மேட்டுக்கு ஏறுகிறார், இறங்குகிறார். உள்கதவுகள் ஏறிவிட்டன. உள்ளங்கையில் கொப்புளம்.

அக்டோபர் 27, ஞாயிறு

விடியும்போதே பேய் மழை. கீழ் லயத்து ஆட்கள் வெளியேறிவிட வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். மற்றவர்கள் ஸ்கூலுக்குப் போனார்கள். சின்னராசா அண்ணன் குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு நேரே மேட்டுக்கு வந்துவிட்டது. நான் அப்போது முன்கதவில் நின்றிருந்தேன். மேல் கீல் பிடித்தாயிற்று, கீழ்க் கீல் பாக்கி, பெட்டரி தளர்ந்துவிட்டது. லயத்தில் கரண்டும் இல்லை. சாரல் நேரே வீட்டுக்குள் அடிக்கிறது. அண்ணன் தோளால் கதவைத் தாங்கிப் பிடித்தார். மிச்சத் துளைகளைத் தமரை, அந்தக் கைத் துளைக்கருவியை, உருட்டிக் கையாலேயே போட்டேன். கொப்புளம் உடைந்தது.

கதவு மூடியது. இடறவில்லை, உரசவில்லை. மழைச் சத்தம் வெளியே போய்விட்டது.

அக்டோபர் 28

காலையில் கீழ் லயத்துப் பின்சுவர் விழுந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. யாருமே இல்லை.

லெட்சுமி அக்கா என் கையில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்.

நவம்பர் 2, சனி

அவன் வந்தான். மேட்டில்தான் இருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முன்கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். கீலைத் தடவிப் பார்த்தான். குறை ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன முடிவு?” என்றான்.

“போகல. நீயும் திரும்பி வர வேணாம்.”

அவன் ஏதோ தொடங்கினான். அதற்குள் லெட்சுமி அக்கா உள்ளிருந்து வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களா தம்பி என்று கேட்டார். போகிற ஆளிடம் கேட்பது போலத்தான் கேட்டார். குடிக்காமல் இறங்கிவிட்டான்.

நவம்பர் 23, சனி

தெரியாத நம்பரிலிருந்து போன். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு அம்மா.

“பாஸ் அக்காங்களா?”

மரவேலை செய்கிற ஆண்களைத்தான் இங்கே பாஸ் என்பார்கள். எனக்கு அந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

“ஆமாங்க, சொல்லுங்க,” என்றேன்.

சமையலறைக்கு ஒரு கதவு, மூன்று ஜன்னல். திங்கட்கிழமை அளவெடுக்கப் போகிறேன்.