அழுகைக்கு விட்ட இடம்

மார்ச் 4, செவ்வாய்

டயர் கடை மாடியில் ஒத்திகை. ரப்பர் நாற்றத்தில் தலை வலிக்கிறது. ராக் இசையையும் சோல் இசையையும் கலந்து நாங்கள் வாசிப்பதைக் கேட்க இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். கீபோர்டு வாசிக்கும் பல் டாக்டர் இன்றும் தாமதம். அக்காவின் குரல் மட்டும் பிசகவேயில்லை. அவள் பாட நான் டிரம்ஸ் அடிக்கிறேனே, அதற்காகத்தான் மற்ற எழவையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி

கல்லூரி அரங்கில் நிகழ்ச்சி. அம்மா போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. அம்மாவுக்காக அக்கா எழுதிய பாட்டில், காலிக் கட்டிலைப் பற்றிய வரி வந்ததும் குரல் உடைந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடியே தேம்பினாள். நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். வேறென்ன செய்ய? அந்தக் கட்டிலிலிருந்து அம்மாவைத் தூக்கியது நாங்கள் இருவரும்தானே.

மார்ச் 10, திங்கள்

எவனோ அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். ஊரே பார்க்கிறதாம். பல் டாக்டருக்கு வாயெல்லாம் பல். அழும்போது அழகாக இருக்கிறாள் என்று ஒருவன் கீழே எழுதியிருக்கிறான். தூ.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது. அந்த வரி முடிந்ததும் எல்லோரும் வாசிப்பதை நிறுத்த வேண்டுமாம். "அவங்க அழறதுக்குக் கொஞ்சம் இடம் விடணும் தம்பி. ஜனங்க அதுக்குத்தான் வராங்க" என்றார் பல் டாக்டர். ஊசி போடுவதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்கிற அதே நிதானம்.

அக்கா அவரை ஒரு வாங்கு வாங்குவாள் என்று பார்த்தேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி, செஞ்சு பாக்கலாம்" என்றாள். நானும் ஒத்திகையில் நிறுத்தினேன். திரும்பத் திரும்ப, சரியாக வரும்வரை.

மார்ச் 22, சனி

அரங்கு நிறைந்தது. அழுதாள். அத்தனை கைகளிலும் போன்.

மார்ச் 29, சனி

இன்றும் அழுதாள். மேடைக்குப் பின்னால் வந்து முகத்தைத் துடைத்துவிட்டு, பசிக்குதுடா என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அது நிஜ அழுகையா? கேட்கத் துணிவில்லை. நிஜம் என்றால் இன்னும் கேவலம் – வாராவாரம் அம்மாவைச் சாகடித்துக் கூட்டம் சேர்க்கிறோம். விட்டுவிட்டுப் போய்விடலாம்தான். போனால் அவளை இவர்களிடம் தனியாக விட்டதாகிவிடும். அவளுக்கென்று நான் ஒருத்தனாவது இருக்க வேண்டாமா?

ஏப்ரல் 5, சனி

இடம் கிடைக்காமல் வாசலில் நின்றவர்களே ஒரு கூட்டம். அந்த வரி வந்தது. நிறுத்தினோம்.

அக்கா அழவில்லை. உலர்ந்த கண்ணோடு சும்மா நின்றாள். போன்களைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டம் காத்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தாளத்தை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள், அழுதுடுக்கா, அழுதுடு, இவ்ளோ பேர் வந்திருக்காங்க – ஐயோ, நானா அது? என்ன பிறவி நான்?

கடைசியில் தாளமில்லாமலே அடுத்த அடியைப் பாடினாள்.

வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன்டா எடுக்கல?" என்றாள்.

"மறந்துட்டேன்க்கா."

"திரும்பித் திரும்பிப் பாத்தேனேடா உன்ன" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்தப் பாட்டை அக்கா இனிமேல் பாட மாட்டாளாம். பல் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.