பதினொரு மணிக்கு வந்துபோகும் ஆள்

ஓசூர்
22.9.2008

அன்பு மச்சான் மாதவனுக்கு,

ரம்பத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து உன் மாமன் முனிவேல் எழுதுவது. இங்கே உன் அக்கா பவளமும் குட்டி ரஞ்சிதாவும் நலம். நீ பெங்களூரில் ஓட்டல் சோறு தின்று பாதியாகியிருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்லி நீ சிரிப்பது மேல். போன வாரம் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மரப் பேலட் ஆர்டர் கேட்டுப் போனேன். பர்ச்சேஸ் ஆபீசர் மீசை முளைக்காத பையன். “உங்களுக்கு வெப்சைட் இருக்குதா?” என்றார். இல்லை என்றால் மதிப்புப் போய்விடுமே. “ஓ, இருக்குதே சார்” என்றேன். “அட்ரஸ் சொல்லுங்க” என்று பேனாவை எடுத்தார். “நாலு பார் நூத்திப் பன்னெண்டு, பாகலூர் ரோடு, மாரியம்மன் கோயில் பின்னாடி” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொன்னார். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆர்டர் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்ததாம். அதற்கும் என் பட்டறைக்கும் என்ன பகையோ, கம்பெனிக்காரர்கள் சரக்கை அடுக்கித் தூக்க அடியில் வைக்கிற பேலட் கேட்பதே குறைந்துவிட்டது. நெட்டில் தேடுகிறவன் கண்ணில் கடையைக் கொண்டுபோய் வைப்பதுதானே உன் தொழில்? மாமனுக்கும் ஒன்று செய்து கொடு.

போனில் கேட்கலாம். ஆனால் உன் பெயர் காதில் விழுந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு ஏறிவிடுகிறது. அந்த வண்டி கம்பெனி பெர்மனென்ட் வேலைக்காக உன் அக்கா எத்தனை பேர் வாசலில் நின்றாள் என்று உனக்குத் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டுப் போனாய். இரண்டு வருஷமாக அவளும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. நடுவில் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம் ரஞ்சிதாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று உன் அக்காவைக் கேட்டேன். “உங்க பேலட் மேல உட்கார வெச்சுக்கோங்க” என்றாள்.

பதிலைப் பட்டறை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதி என் சோற்றில் கை வைக்காதே.

உன் மாமன்,
முனிவேல்


பெங்களூர்
5.10.2008

அன்புள்ள மாமாவுக்கு,

மாதவன் வணக்கம். உங்கள் வெப்சைட் விலாசத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மேனேஜர் அதை போர்டில் எழுதி வைத்திருக்கிறார்.

சைட்டை நான் கட்டித் தருகிறேன். நீங்கள் செய்யவேண்டியது சிலது இருக்கிறது. பேலட் வேண்டுமென்று போன் செய்கிறவர்கள் முதல் வாக்கியத்தில் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று கவனித்து அனுப்புங்கள். ‘முனிவேல் மர வேலைகள்’ என்று யாரும் தேடமாட்டார்கள், மாமா. ‘ஓசூரில் மரப் பேலட்’, ‘ஒரு டன் தாங்கும் பேலட்’ என்றுதான் தேடுவார்கள். அவர்கள் வாயில் வரும் வார்த்தைதான் நம் பக்கத்தில் இருக்கவேண்டும். ‘ஆசியாவிலேயே சிறந்த’ என்று எழுதச் சொல்லாதீர்கள். அதை யாரும் நம்புவதில்லை, நானே நம்பமாட்டேன்.

படம் நம் சொந்தப் படமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பேலட்டின் அளவும் பலமும் பார்த்ததுமே புரியும். படத்துக்கு, கேமரா கொடுக்கிற நம்பரை விட்டுவிட்டு, ‘ஓசூர் மரப் பேலட்’ என்று பெயர் வையுங்கள். கூகிளுக்குப் படத்தைப் பார்க்கத் தெரியாது, பெயரைத்தான் படிக்கும். போன் நம்பர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். அடித்தால் எடுங்கள். ரம்பம் ஓடுகிறது என்று சொல்லாதீர்கள்.

ஒரு விளம்பரமும் போடுகிறேன். யாராவது தேடினால் மேலே மஞ்சள் கட்டத்தில் வரும். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் நமக்குக் காசு போகும். அன்றைக்குள்ள காசு தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும். அதனால் நீங்கள் அமுக்கிப் பார்க்கக்கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், கூடாது.

‘எங்களைப் பற்றி’ என்ற கடைசிப் பக்கத்தில் பட்டறை திறந்த நாள் போட்டோவைப் போட்டிருக்கிறேன். நான் முதல் பலகையைப் பிடித்திருப்பேன், நீங்கள் அறுப்பீர்கள், அக்கா ஓரமாக நின்று முறைக்கும். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

காது குத்துக்கு அக்கா வாயால் கூப்பிட்டால் ஓடி வருவேன். கூப்பிடாமல் வந்து நின்றால் அக்காவுக்கும் கௌரவக் குறைச்சல், எனக்கும்.

அன்புடன்,
மாதவன்


ஓசூர்
3.11.2008

அன்பு மச்சானுக்கு,

நீ கூடாது என்றதைச் செய்துவிட்டேன். நான் மட்டுமில்லை, எல்லோரும் செய்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியா என்ற பெண் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறாள். அவள் மஞ்சள் கட்டத்தில் என் பெயரைக் காட்டியதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அமுக்கினேன். சொந்தக்காரர்களுக்கும் சொன்னேன். உனக்குத்தான் நம் ஜனத்தைத் தெரியுமே, மொய் வைக்கிற மாதிரி ஆளுக்கு ஒன்று அமுக்கினார்கள். சென்னகிருஷ்ணன் சித்தப்பா இரண்டு அமுக்கிவிட்டு, “மாமனார் வீட்டு சார்பா ஒண்ணு” என்றாராம். மத்தியானத்துக்குள் விளம்பரம் காணோம். இப்போது எல்லோரிடமும் கும்பிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. நாகர்கோவிலிலிருந்து ஒருவர் போன் செய்து பத்து பேலட் கேட்டார். பத்து பேலட்டை அவ்வளவு தூரம் கொண்டுபோனால் லாரிக்காரன் பேலட்டையும் எடுத்துக்கொண்டு என்னையும் வேலைக்கு வைத்துக்கொள்வான். தமிழ்நாடு முழுக்கப் போட்டாயா? மச்சான், நமக்கு நாகர்கோவில் வெளிநாடு. அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகினி, அதுதான் நம் ஊர். நீ இத்தனை நாள் அந்த பார்டரைத் தாண்டிப் போய்வந்தும் தெரியவில்லையே.

உன் அக்காவிடம், ‘பெங்களூர்ப் பையன் ஒருத்தன் சைட் செய்து கொடுத்தான்’ என்றேன். பொய்யில்லை. “ம்” என்றாள்.

முனிவேல்


பெங்களூர்
24.11.2008

அன்புள்ள மாமாவுக்கு,

தப்பு என்னுடையதுதான். மாநிலத்தைப் பார்த்துப் போட்டேன், தூரத்தைப் பார்த்துப் போட்டிருக்கவேண்டும். இப்போது ஓசூரைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரியும் உள்ளே, எலக்ட்ரானிக் சிட்டியும் உள்ளே. ‘வேலை’, ‘இலவசம்’ என்று சேர்த்துத் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் தெரியாதபடியும் செய்துவிட்டேன். பேலட் கம்பெனியில் வேலை தேடுகிறவர் அமுக்கினாலும் நமக்குத்தானே செலவு.

நெட்டில் ஆர்குட் என்று ஆட்கள் கூடிப் பேசுகிற ஒரு இடம், அதில் ஓசூர் கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. பிரியாவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போய், ‘வாங்க வாங்க, பேலட் வாங்க’ என்று கூவக்கூடாது. யாராவது மரத்தில் பூச்சி விழுகிறதே என்று கேட்டால் வழி சொல்லுங்கள், பெயரைப் போடுங்கள், வந்துவிடுங்கள். சைட்டில் புதுப் படம் ஏற்றும் பாஸ்வேர்டும் அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கவலை. தினமும் பதினொரு மணி வாக்கில் ஓசூரிலிருந்து ஒரே ஆள் விளம்பரத்தை அமுக்கி உள்ளே வருகிறார். விலைப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேரே ‘எங்களைப் பற்றி’க்குப் போகிறார். ரொம்ப நேரம் அங்கேயே நிற்கிறார். பிறகு போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. போட்டிக்காரர் யாராவது நம் காசைக் கரைக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ரஞ்சிதா என்னை மறந்துவிட்டாளா?

மாதவன்


ஓசூர்
8.12.2008

அன்பு மச்சானுக்கு,

ஆளைப் பிடித்துவிட்டேன்.

முதலில் கங்கப்பன் மேல்தான் சந்தேகம். பாகலூர் ரோட்டில் பேலட் அடிக்கிறவன் என்னை விட்டால் அவன்தான். டீக்கடையில் நேராகவே கேட்டேன். “ஏம்பா கங்கப்பா, தெனமும் பதினோரு மணிக்கு என் கம்ப்யூட்டர் பக்கத்துல உனக்கு என்னா வேலை?”

“யோவ் முனிவேலு, பதினோரு மணிக்கு நான் சுகர் மாத்திரை போட்டுக்கினு படுத்திருப்பேன். கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் தொறக்கும்னே எனக்குத் தெரியாது” என்றான். மூஞ்சியைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருந்தது. டீக்காசு நான் கொடுக்கவேண்டியதாயிற்று.

அப்புறம் பிரியாவைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

“உங்க வீட்டு அக்காதான்ணா! பாப்பாவ பால்வாடில விட்டுட்டு நேரா இங்கதான் வர்றாங்க. ‘ஓசூர் பேலட்னு அடி கண்ணு’ம்பாங்க. மொதல்ல வர்றத அமுக்குவேன். கடைசிப் பக்கத்துல அந்த போட்டோவப் பெருசு பண்ணச் சொல்வாங்க. ‘இவன் எளச்சிட்டானா, இல்ல போட்டோ பழசா?’ன்னு கேப்பாங்க. ‘பழசுக்கா’ன்னு தெனமும் சொல்றேன்.”

நான் அங்கே இருந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். “நெட் பாக்கறீங்களாண்ணா?” என்றாள். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வராத காரணமும் புரிந்ததா? அன்றைக்கு பால்வாடி லீவு.

இப்போது நீ சொல், மச்சான். நிறுத்தச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டாள், காது குத்துக்கு உன்னைக் கூப்பிடவும் மாட்டாள். நிறுத்தாவிட்டால் காசு போகும். உன் தொழிலில் இதற்கு என்ன வழி?

முனிவேல்


பெங்களூர்
15.12.2008

அன்புள்ள மாமாவுக்கு,

நிறுத்தாதீர்கள். விளம்பரத்தில் அந்த ஒரு அமுக்கு என் கணக்கு.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படிக்க முடியவில்லை. படிக்கட்டுக்குப் போய்ப் படித்தேன்.

ஒரே ஆள் ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால், தேடி வந்தது அங்கே இன்னும் கிடைக்கவில்லை என்று எங்கள் தொழிலில் சொல்வோம். அதைக் கொண்டுபோய் அங்கேயே வைக்கவேண்டும். அதனால் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அக்கா பேலட் மேல் உட்கார வைக்கச் சொன்னதை எழுதியிருந்தீர்களே, அதற்குப் பதில்:

‘எங்கள் பேலட் எந்தச் சுமையையும் தாங்கும். காது குத்தும் பிள்ளைக்கு மட்டும் மாமன் மடி, கூப்பிட்டால் தயார்.’

பர்ச்சேஸ் ஆபீசர் யாராவது என்ன அர்த்தம் என்று கேட்டால், கன்னடம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதவன்


பெங்களூர்
9.1.2009

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா வந்திருந்தது! மத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போவதாகத்தானே உங்களிடம் சொல்லியிருக்கும்? உங்களுக்குத் தெரியாததாகவே இருக்கட்டும்.

பிரியாவை என் பெயரை அடிக்கச் சொல்லி ஆபீஸ் விலாசத்தைக் கண்டுபிடித்ததாம். தாம்பூலத் தட்டோடு வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது. இரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? “இங்க பி.எஃப். பிடிக்கறாங்களா?”

பிடிக்கிறார்கள் என்றேன். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. அப்புறம்தான் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. “எங்கிட்ட சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல” என்றது. ஆமாம் என்றேன். “போட்டோ பழசுதான். இப்ப இன்னும் எளச்சிட்ட” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதற்குள் அக்கா கொண்டுவந்த முறுக்கில் என் மேனேஜர் நாலு தின்றுவிட்டார்.

தை பத்தொன்பது, ஞாயிறு. வருகிறேன், மாமா.

மாதவன்


ஓசூர்
9.2.2009

அன்பு மச்சானுக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தது அறிந்து சந்தோஷம். உன் அக்கா வீட்டிலிருந்தே போன் செய்கிறாள், உரக்கவே பேசுகிறாள். குழம்பும் சரியாக இருக்கிறது. இனிமேல் நாம் ஒளித்து எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் காது குத்தில் பாதி நேரம் நீ இல்லை. இருந்தாய், ஆனால் இல்லை. அதனால் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டியது என் கடமை.

முனியப்பன் கோயிலில் ரஞ்சிதா உன் மடியில் உட்கார்ந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் வைத்தார்கள். ஆசாரி கம்மலை எடுத்து இடது காதைக் குத்தினார். பிள்ளை அழவில்லை. நீ ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தாய். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்தாய்.

அண்டா வைக்க நான் கொண்டுவந்திருந்த பேலட்டில் உன்னைத் தூக்கிப் படுக்க வைத்தோம். வலது காது பாக்கி. நல்ல நேரம் முடியப் போகிறது என்றார் பூசாரி. மடிதானே வேண்டும், அது இங்கேதானே இருக்கிறது என்றாள் உன் அக்கா. பிள்ளையைத் தூக்கி, படுத்திருந்த உன் மேலேயே உட்கார வைத்தாள். ஆசாரி குத்தினார். “மாமா தூங்கறாரு, சத்தம் போடாதீங்க” என்றாள் ரஞ்சிதா. சடங்கில் ஒரு குறையும் இல்லை.

பிரியா அதைப் படம் எடுத்தாள். சொந்தப் படம், பக்கத்தில் ஆள், சரியான பெயர் என்று நீ சொன்னது மூன்றும் இருந்ததால் ‘ஓசூர் மரப் பேலட்’ என்று பெயர் வைத்து முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். நேற்று ஜிகினியிலிருந்து ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் போன் செய்தார். படுத்திருப்பவர் எவ்வளவு எடை இருப்பார் என்று கேட்டார். இளைத்தவர்தான், அறுபத்திரண்டு கிலோ, மேலே பிள்ளை தனி என்றேன். சனிக்கிழமை லோடு போகிறது.

உன் மாமன்,
முனிவேல்