லிண்டா ஏன் வெட்கப்பட்டாள்?

பிப்ரவரி 12, செவ்வாய்

தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள், இரண்டு வரியானாலும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று கிளெனிஸ் டீச்சர் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆனால் என் மொழியில்தான். பகலெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் ஆங்கிலத்தில் ஏச்சு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு நானே ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

ராபின்வேல் நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு. ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மே மாதம் மில்டூராவில் தேர்வு. அதில் தேறினால் முதியோர் இல்லப் பயிற்சியில் இடம் கிடைக்கும். யாரைத் தேர்வுக்கு அனுப்புவது என்பது கிளெனிஸ் கையில். எனக்கு நாற்பத்துநான்கு வயது. குளிர்காலத்தில் கொடி வெட்டும் வேலையை இன்னொரு வருஷம் என் இடுப்பு தாங்காது. தாங்காது என்றால் தாங்காது, அவ்வளவுதான்.

தம்பி மனாசேயும் சேர்ந்துவிட்டான். கனரக வண்டி ஓட்டும் பயிற்சிக்கு அவனுக்கும் இதே தேர்வாம். நான் ஜன்னல் ஓரம், அவன் கதவு ஓரம். நடுவில் என்னோடு திராட்சை பறிக்கும் ஃபுசி.

பிப்ரவரி 14, வியாழன்

இன்றைய பத்தி பாதாம் மரத்தைப் பற்றி. எல்லாப் பதிலும் சரி. பாதாமைப் பற்றி, அந்தத் தோட்டத்திலும் உழைத்த எனக்கேவா!

மார்ச் 5, செவ்வாய்

எழுதினால்தான் மனம் அடங்கும்.

பத்தியில் லிண்டா என்று ஒருத்தி. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். கடைக்குப் போகிறாள். என்ன வாங்க? இரவில் போட்டுக்கொள்ள, உள்ளே போட்டுக்கொள்ள — ச்சீ, எழுதவே கூசுகிறது. கடைக்காரன் அதைக் கையில் தூக்கிக் காட்டுகிறான். அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வருகிறார்.

இதை உரக்க வாசிக்கச் சொன்னார் கிளெனிஸ். யாரை? என்னை. தம்பி அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது!

கடல் தாண்டி எங்கள் தீவில், வயது வந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரே அறையில் டிவிகூடப் பார்க்க மாட்டோம். எந்தக் காட்சி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அவன் காதுபட நான் கொச்சையாக ஒரு சொல் சொன்னதில்லை, என் காதுபட அவனும் சொன்னதில்லை. இது பயம் இல்லை, மரியாதை. அதுவும் அக்கா என்றால் தம்பிக்கு ஒரு படி மேல்.

கல்யாணம் என்ற சொல்வரை வாசித்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன்.

"சரி, லிண்டா ஏன் வெட்கப்பட்டா, லோசேலி?"

"தெரியாது."

"கடையில என்ன வாங்கினா?"

"தெரியாது."

"பத்தியிலேயே இருக்கு பாருங்க. மனாசே, உங்க அக்காவுக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்."

கடவுளே! மனாசே எழுந்தான். வண்டி விளக்கை அணைக்க மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே போனான். வெயில் அடிக்கிற ஐந்து மணிக்கு என்ன விளக்கு? திரும்பி வரவே இல்லை. ஃபுசி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் கிளெனிஸ் என் தோளைத் தட்டி, "நல்லா வாசிக்கறீங்க. ஆனா அர்த்தம் உள்ள போகலை. தேர்வுக்கு இன்னும் நீங்க தயாராகலைன்னு தோணுது" என்றார்.

அர்த்தம் போகலையாம்! அர்த்தம் போனதால்தானே வாயை மூடினேன்?

மார்ச் 6, புதன்

ஃபுசி இன்று வரிசை நெடுகக் கூடையோடு என் பின்னாலேயே வந்தாள். "ஏன்டி, லிண்டா வாங்கினது என்ன நிறம்னு மட்டும் சொல்லு, போதும்."

"வாயை மூடு. பக்கத்து வரிசையில தம்பி நிக்கிறான்."

"டீச்சர்கிட்ட விஷயத்தைச் சொல்லித் தொலையேன்."

எப்படிச் சொல்ல? தம்பி பெயரையும் அந்தத் துணியின் பெயரையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும். என் வாயில் வராது. அதோடு நான் ஏன் சொல்ல வேண்டும்? நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். சரியாக நடந்ததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?

மார்ச் 12, செவ்வாய்

மனாசே வரவில்லை. போன வியாழனும் வரவில்லை. ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பினான்.

வெளியே வந்து பார்த்தால் நூலகத்துக்கு எதிரே அவன் வண்டி. உள்ளே அவன், ஸ்டியரிங் மேல் புத்தகத்தை வைத்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தான். நான் கூச்சம் இல்லாமல் பதில் சொல்லட்டும் என்று இடத்தைக் காலி செய்துவிட்டான், முட்டாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் கேட்டது இந்தத் தியாகத்தை?

அவனிடம் நேரே பேச முடியாது. பேசினால் காரணத்தைப் பேச வேண்டி வரும். ஃபுசியிடம் சொல்லி அனுப்பினேன்: நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன், அக்கா சொன்னதாகச் சொல்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அக்கா சொன்னா சரின்னான். நீ ராணி மாதிரி உத்தரவு போடு, நான் தபால்காரி மாதிரி அலையறேன்" என்றாள்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று சண்டை. வகுப்புக்கு முன்னால் போய்க் கிளெனிஸ் முன் நின்றேன்.

"கேள்வியைத் தாள்ல குடுங்க. நான் எழுதித் தரேன்."

"என் வகுப்புல பேசித்தான் படிக்கிறோம், லோசேலி. பேசப் பேசத்தான் மொழி வரும்."

"தேர்வுல பேசச் சொல்வாங்களா?"

"இல்ல..."

"அப்புறம் இங்க மட்டும் எதுக்கு? எழுதித் தரேன். தப்பா இருந்தா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான்கு பத்திகளை எடுத்து நீட்டினார். வேண்டுமென்றேதானோ என்னவோ, லிண்டாவும் அதில் இருந்தாள். நூலகத்தின் குழந்தைகள் பகுதியில், முட்டி இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எழுதினேன். லிண்டா ஏன் வெட்கப்பட்டாள் என்பதற்கு மட்டும் அரைப் பக்கம்.

மார்ச் 21, வியாழன்

எல்லாம் சரி. கிளெனிஸுக்கு ஒரே சந்தோஷம். "ரெண்டு வாரத்துல என்ன முன்னேற்றம்!" என்கிறார்.

முன்னேற்றமாம். தாள்தான் முன்னேறியிருக்கிறது. நான் அன்றைக்கு எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன். ஆனாலும் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. மனாசே பெயரும்.

மே 11, சனி

தேர்வு முடிந்தது.

இடுப்பில் கியேகியே, எங்கள் ஓலைப் பின்னல் கச்சை, கட்டிக்கொண்டு போனேன். தேவாலயத்துக்கும் பெரிய மனிதர்கள் முன்னாலும் கட்டுவதை, ஒரு தேர்வுக்கா என்று கேட்டாள் ஃபுசி. ஆமாம், இந்தத் தேர்வுக்குத்தான். அந்தத் தாள் முன்னால் நான் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். வாசலில் நின்ற பெண் "அழகா இருக்கே, ஓலையா?" என்று தொட்டுப் பார்த்தாள்.

ஒரே வண்டியில் வந்தோம், ஒன்றாகப் பெயர் கொடுத்தோம். ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கும் மனாசேக்கும் நடுவே ஒரு முழம்.

முதல் பத்தி ரயில். இரண்டாவது தேனீ. மூன்றாவதைத் திருப்பினேன் — பிரசவம். பெண்ணுக்கு வலி எடுப்பதில் தொடங்கி, குழந்தைக்குப் பால் கொடுப்பதுவரை ஒன்றையும் விடவில்லை. எல்லோர் கையிலும் அதே தாள்தானே? என் பக்கத்தில் இருப்பவன் கையிலும் இதேதான்.

தோளைத் திருப்பிக்கொண்டேன். நான் போகப்போகிற வேலை என்ன? வயதானவர்களின் உடம்பைக் கழுவுகிற வேலை. உடம்பைப் பற்றி வாசிக்கக் கூசினால் அங்கே என்ன செய்வேன்? சத்தம் இல்லை. என் வாயிலிருந்து அவன் காதுக்கு எதுவும் போகவில்லை. எழுது, லோசேலி, எழுது! எழுதினேன்.

திரும்பும் வழியில் வண்டியில் ஒரு மணி நேரம். நான் கட்டிக்கொண்டு போன மரவள்ளிக் கிழங்கைத் தின்றபடி பாதாம் விலை, பாதிரியாரின் புது கார், மழை என்று பேசினோம். ராபின்வேல் பாலம் வந்தபோது கேட்டான்:

"நல்லா எழுதினியா அக்கா?"

"எழுதினேன். நீ?"

"ஏதோ எழுதினேன்."

ஜூன் 4, செவ்வாய்

தேறிவிட்டேன். தேறிவிட்டேன்! வீட்டில் தேங்காய்ப் பாலும் கீரையுமாக லூ மணக்கிறது. ஃபுசி வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்.

மனாசே தேறவில்லை.

வந்தான், குனிந்து என் கையை முத்தமிட்டான், சிரித்தான், சாப்பிட்டான், பாட்டும் பாடினான். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

கிளெனிஸிடம் போனேன். அவர் மேசையில் மனாசேயின் மதிப்பெண் தாள். ரயிலுக்கு முழு மதிப்பெண், தேனீக்கு முழு மதிப்பெண். பிரசவத்துக்குப் பூஜ்ஜியம். ஒரு கேள்விக்குக்கூடப் பேனா வைக்கவில்லை.

"பாவம், அந்தப் பத்தி அவருக்குப் புரியலை போல. கீழ் வகுப்புக்கு அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

என்னவோ உடைந்தது எனக்குள். என்னைப் பற்றி அப்படிச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவனைப் பற்றிச் சொல்ல விடமாட்டேன்.

"புரியலைன்னு சொல்லாதீங்க. புரிஞ்சதாலதான் எழுதலை."

"என்ன?"

"பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தேன். நான் அவனோட அக்கா. எங்க ஊர்ல அக்கா பக்கத்துல இருக்கும்போது தம்பி அதையெல்லாம் நினைக்கக்கூட மாட்டான். அன்னைக்கு லிண்டா கதையில நான் வாய் திறக்காததும் அதுக்குத்தான். ரெண்டு பேரையும் மக்குன்னு நினைச்சீங்க."

"லோசேலி, முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாமே. என் தம்பிகிட்ட நான் எதை வேணும்னாலும் பேசுவேன். எனக்குத் தோணவே இல்ல."

"உங்க தம்பி வேற, என் தம்பி வேற. அவன் கீழ் வகுப்புக்குப் போகமாட்டான். வேற தேதி வாங்கிக் குடுங்க. நான் இல்லாத அறையில எழுதட்டும்."

குரல் எவ்வளவு உயர்ந்தது என்று நூலகத்துப் பெண் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிளெனிஸ் போனை எடுத்து, மனாசேக்கு வேறு தேதி கேட்டு மில்டூராவுக்குப் பேசினார்.

எதற்கும் விளக்கம் சொல்லமாட்டேன் என்று இருந்தவள் சொல்லிவிட்டேன். வருத்தம் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

இனிமேல் பெண்கள் செவ்வாய், ஆண்கள் வியாழன். அட்டையில் கிளெனிஸே எழுதி ஒட்டியிருக்கிறார். ஃபுசிக்குத்தான் ஏமாற்றம். வியாழக்கிழமைகளில் யாரைப் பார்க்க வந்தாளோ!

ஜூன் 29, சனி

மில்டூரா. திங்கட்கிழமை எனக்கு இங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. சீருடை வாங்கியாகிவிட்டது, நீல நிறம், பின்னிருக்கையில் இருக்கிறது.

இன்று வண்டியை நான் ஓட்டி வந்தேன். மனாசே மறுதேர்வு எழுத உள்ளே போனான். நான் எதிரே, வண்டியிலேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் மரவள்ளிக் கிழங்குப் பாத்திரத்தோடு. உள்ளே வந்து உட்காருங்கள் என்று வாசல் பெண் கூப்பிட்டாள். மாட்டேன் என்று கை ஆட்டினேன்.

மூன்றாவது ஆளாக வெளியே வந்தான். வண்டியில் ஏறிப் பாத்திரத்தைத் திறந்தான்.

"எல்லாம் எழுதினியா தம்பி?"

"ஒன்னு விடலை அக்கா."

என்ன பத்தி என்று நான் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினேன்.